கொடுத்ததைத் திருப்பித் தரும் நீர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. எதிர்வீட்டுப் பூனை என் செருப்பின்மீது படுத்துறங்கியபோதும் அதட்டாமல் கையால்தான் நகர்த்தினேன். அது நகரவில்லை. முப்பத்தைந்தாண்டுகளாக மேடையேறி அமைச்சரவைகளை அதட்டிய தொண்டைக்கு வந்த கதி இது.

குரல்நாணில் முடிச்சு என்கிறார் மருத்துவர். "இன்னும் ஒரு கூட்டம் பேசினீங்கன்னா அப்புறம் குரல் இருக்காதும்மா. கொள்கை மட்டுந்தான் இருக்கும்" என்றார். கோடை வரும்வரை முணுமுணுப்பும் கூடாதாம். ஆகவே கடலோரம் வாழும் தங்கையிடம் வந்து சேர்ந்தேன். அவள் வீடு இரண்டே அறைகள். ஒன்றில் அவள் இருக்கிறாள். மற்றதில் அவளுடைய அலைச்சறுக்குப் பலகைகள் இருந்தன. இப்போது பலகைகளோடு நானும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறேன்.

கழுத்தில் ஒரு கற்பலகையையும் சுண்ணக்கட்டியையும் அவளே மாட்டிவிட்டாள். "சின்ன வயசுலேர்ந்து நீ பேசின, நான் கேட்டேன். இப்ப என் முறை, உக்காரு" என்றாள். அவள் முகத்தில் இவ்வளவு மகிழ்ச்சியை நான் கண்டு நெடுநாளாயிற்று.

மார்ச் 5, வியாழன்

தங்கை நடத்தும் அலைச்சறுக்குப் பள்ளியில் அவள் இடம் பிரிக்கும் முறையை இன்று கண்டேன். நெடுக ஒரே மணற்கரை, ஒரே நிறம். ஆயினும் நீருக்கடியில் மணல் இடத்துக்கிடம் வேறுவேறாய்க் குவிந்திருப்பதால், அலையும் இடத்துக்கிடம் குணம் மாறுகிறது. காவற்கோபுரத்தின் முன்னே ஆழம் குறைவு. அலை தொலைவிலேயே உடைந்து, வெள்ளை நுரையாய், பேரிரைச்சலோடு கரையேறுகிறது. அது முதன்முதலாகப் பலகையைத் தொடுவோர்க்கு. படகுக் கொட்டகைக்கு முன்னே அலை உடையாமல் பச்சையாய் நிமிர்ந்து, ஒரு பக்கமாய் நிதானமாகச் சாய்கிறது. அது எழுந்து நிற்கப் பழகியோர்க்கு. ஆற்றுவாயருகே செங்குத்தான மணல்திட்டில் மோதிக் குழலாய்ச் சுருள்கிறது. அது கைதேர்ந்தோர்க்கு மட்டும்.

நுரைத்துறை, பசுந்துறை, சுருள்துறை என்று பெயர்சூட்டி எழுதி நீட்டினேன்.

"நல்லாருக்குக்கா. நாங்க வெள்ளை, பச்சை, போய்ட்டு வான்னு சொல்லுவோம்."

'நான் எந்தத் துறை?'

"நீயா? வெள்ளை. அதுவும் முழங்கால் தண்ணி."

'பச்சைக்கு வழியில்லையா?'

"பலகைமேல நின்னு காட்டு. பாக்கலாம்."

மாநாடுகளைத் தொடங்கிவைத்தவளுக்கு அரிச்சுவடி வகுப்பு. என் அருகில் பளபளக்கும் புதுப் பலகையோடு ஒரு பல் மருத்துவர் நின்றிருந்தார். "நான் நேரா பச்சைங்க. வீடியோ நெறைய பாத்திருக்கேன்" என்றார்.

"பல் புடுங்கற வீடியோ நெறைய பாத்தவர உங்க கிளினிக்ல வேலைக்குச் சேப்பீங்களா சார்?" என்றாள் தங்கை. அவரும் முழங்கால் நீருக்கு வந்துசேர்ந்தார்.

பிறகு எல்லார்க்கும் கைச்சைகை கற்பித்தாள். கடலில் குரல் எடுபடாதாம். இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி அசைத்தால் ஆபத்து என்று பொருள். குரலுக்கு மதிப்பில்லாத ஒரு நாடு உலகில் இருக்கிறது என்பதையும், அங்கேதான் நான் அடைக்கலம் புகுந்திருக்கிறேன் என்பதையும் எண்ணிச் சிரித்தேன். ஓசையில்லாமல்தான்.

மார்ச் 6, வெள்ளி

மூக்கு வழியே புகுந்த கடல் காது வழியே வெளியேறியது. நான் நிற்கவில்லை, கடலும் நிற்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை வகுப்பிலிருந்தபோது விடுதிக்காரர் வந்தார். கரையின் நடுவில் நிற்கும் வெள்ளைக் கட்டடம் அவருடையது. "அம்மா, உங்க பேச்சக் கேட்டு வளந்தவன் நான்" என்று தொடங்கினார். அவர் வளர்ந்த அளவைப் பார்த்தால் நிறையக் கேட்டிருக்கவேண்டும். கதவைக் கடக்கவே சற்றுத் திரும்பவேண்டியிருந்தது.

தம் விடுதிக்கு அழைத்துச்சென்று, மாடியில் அமர்த்திக் குளிர்பானம் கொடுத்தார். எதிரே கடல். கோபுரத்துப் பக்கம் அலைகள் கூச்சலிடுகின்றன. அவர் வாசலில் மட்டும் நீர் கண்மூடிக் கிடக்கிறது. வாயடைக்கப்பட்டு அல்லலுறும் எனக்கு, தானே விரும்பி மௌனம் பூண்ட அந்த நீர்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. விடுதியின் துண்டறிக்கைக்கு இரண்டே வரி கேட்டார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்:

'ஆரவாரம் அறியாத அமைதி நீர். முதலடி வைப்போரைத் தொட்டிலாய்த் தாங்கும் துறை.'

படித்துவிட்டு எழுந்து நின்று கைகுவித்தார். கைதட்டல் இல்லாமல் வாடிப்போயிருந்த நெஞ்சுக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

மார்ச் 11, புதன்

துண்டறிக்கை ஊரெங்கும். அடியில் என் பெயர், பட்டத்தோடு.

தங்கை அதை மேசைமீது வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவளும் நிறுத்திவிட்டால் பூனைதான் மிச்சம். மாலையில்தான் வாய் திறந்தாள்.

நகரமன்றம் கரையில் ஓரிடத்தைத் தொடக்கநிலைத் துறையென அறிவிக்கப்போகிறதாம். இனி அங்கு மட்டுமே கற்பிக்கலாம். தங்கை கோபுரத்து முன்கரையை வாய்ச்சொல்லாகக் கேட்டிருக்கிறாள். விடுதிக்காரர் தம் வாசலைக் கேட்டிருக்கிறார், என் இரண்டு வரிகளை மேலே இணைத்து. அது கிடைத்தால் பள்ளியும் அவருடையதே. தங்கையின் பலகைகளுக்கு என் அறையே நிரந்தரம்.

"அக்கா, அலை கரைக்குத் தள்ற தண்ணியெல்லாம் எங்கயாவது திரும்பிப் போவணும்ல? ரெண்டு திட்டுக்கு நடுவுல பள்ளம் எங்க இருக்கோ அது வழியாத்தான் போவும். போற தண்ணியில அலை உடையாது. அதான் தூங்கற மாதிரி தெரியுது. அதுக்குப் பேரு இழுப்பு. கால் வச்சா ஆளோட போயிரும்."

'கோபுரத்துப் பக்கம்தானே இரைச்சல்?'

"இரையற தண்ணி ஒன்னும் பண்ணாது. கத்திட்டுக் கரைலதான் கொண்டுவந்து விடும்."

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் 12, வியாழன்

இதை இன்றே எழுதிவிடவேண்டும்.

பல் மருத்துவர் இன்று வகுப்புக்கு வரவில்லை. நான் கரையோரம் நடந்து விடுதிப்பக்கம் சென்றபோது அவர் அந்தத் தொட்டில் நீரில் பலகைமேல் படுத்திருந்தார். எனக்குக் கையசைத்தார். நானும் அசைத்தேன். மீண்டும் பார்த்தபோது சிறிதாகியிருந்தார். பலகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கரையை நோக்கி நீந்துகிறார், பின்னோக்கிப் போகிறார்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

நான்தானே எழுதினேன். தொட்டிலாம். யாரு கேட்டா தொட்டில்? மாடியில உக்காந்து ஒரு கிளாஸ் ஜூஸ் குடிச்சிட்டு எழுதிக் கொடுத்துட்டேன், அந்தத் தண்ணிய ஒருதரம் தொட்டுக்கூடப் பாக்காம. அவர் பலகை போயிடுச்சு. தலை தெரியுது, தெரியல —

கை நினைவுக்கு வந்தது. இரண்டையும் தலைக்குமேல் உயர்த்தி, தோள் கழன்றுவிடுமோ என்னுமளவுக்கு அசைத்தேன். கோபுரத்தடியிலிருந்து தங்கை பார்த்துவிட்டாள். பலகையோடு ஓடிவந்து அதே இழுப்பில் பாய்ந்து, அதன் வேகத்திலேயே அவரை எட்டிப்பிடித்து, பக்கவாட்டில் துடுப்பிட்டு, நுரை இரையும் இடம்வரை கொண்டுசென்றாள். இரைச்சல் இருவரையும் கரையில் கொட்டியது.

"நான் ஒன்னுமே பண்ணலங்க. தண்ணிதான் கூட்டிட்டுப் போச்சு" என்றார் அவர், இருமலுக்கிடையில். அவர் நனைந்த சட்டைப்பையில் துண்டறிக்கை இருந்தது.

குரல் இருந்திருந்தால் கத்தியிருப்பேன். யாருக்கும் கேட்டிருக்காது.

மார்ச் 14, சனி

மன்றத்துக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். முதல் வரியிலேயே சண்டை.

"கோபுரத்துலேர்ந்து படகுக் கொட்டகை வரைக்கும்னு எழுது. முடிஞ்சுது."

'மணல் நகருமா?'

"நகரும். ஒவ்வொரு புயலுக்கும் திட்டு இடம் மாறும்."

'அப்படியானால் நிலத்தை எழுதினால் தவறு. நீரை எழுதவேண்டும்.'

நான் எழுதியது: 'எவ்விடத்து நீர், கொடுத்ததைக் கரைக்கே திருப்பித் தருகிறதோ, அவ்விடமே தொடக்கநிலைத் துறை. அவ்விடத்தில் கற்பிக்கும் உரிமை, இக்கரையில் ஆபத்தறிந்து மீட்கத் தெரிந்தவர்க்கே உரியது.'

தங்கை இருமுறை படித்தாள். "இது சட்டமா, செய்யுளா?"

'இரண்டும்.'

"உன்கிட்ட கேட்டேன் பாரு" என்று முணுமுணுத்தபடி கையெழுத்திட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

மன்றக் குழு வெள்ளியன்று கரையைப் பார்வையிட வருகிறது. தங்கை பேசியாகவேண்டும். கண்ணாடிமுன் நிறுத்திப் பயிற்சி அளித்தேன். "மதிப்பிற்குரிய" என்று தொடங்குகிறாள். அதோடு காது சிவந்து நின்றுவிடுகிறாள். குழலாய்ச் சுருளும் அலைக்குள் புகுந்து வெளிவருபவள், ஓர் அடைமொழியைக் கடக்கமுடியாமல் தத்தளிக்கிறாள்.

'கூட்டத்தை முட்டைக்கோசுகளாக எண்ணிக்கொள்' என்று எழுதிக் காட்டினேன்.

"நீ அப்படித்தான் எங்க எல்லாரையும் நெனச்சுட்டிருந்தியா?"

சுண்ணக்கட்டி தீர்ந்துவிட்டதாகச் சைகை காட்டினேன்.

மார்ச் 20, வெள்ளி

இந்நாளை விரித்தெழுத உரிமை எனக்குண்டு.

குழு வந்தது: நகரமன்றத் தலைவி, எழுத்தர், கோப்புகளைச் சுமந்த இருவர். விடுதிக்காரர் தம் வாசலில் நிழற்குடை நட்டு, மேசை விரித்து, நறுக்கிய பழத் தட்டுகளும் பின்னால் முழுத் தர்பூசணிகளின் ஒரு குவியலும் வைத்திருந்தார். என் இரண்டு வரிகளை உரக்கப் படித்தார். நன்றாகவே படித்தார், அதுதான் எரிச்சல்.

"இது நீங்க எழுதினதுதானேம்மா?" என்றார் தலைவி.

தலையசைத்தேன். வேறென்ன செய்ய?

"அப்புறம் உங்க தங்கச்சிக்கு என்ன ஆட்சேபணை?"

தங்கை எழுந்தாள். "மதிப்பிற்குரிய" என்றாள். காது சிவந்தது. கடல்மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

என் கற்பலகையில் அவ்வளவு வாதங்களுக்கு இடமில்லை. ஆகவே குவியலிலிருந்து பெரிய தர்பூசணி ஒன்றை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு நீரை நோக்கி நடந்தேன்.

"அம்மா, கத்தி இங்க இருக்கு, நறுக்கித் தர்றேன்" என்று விடுதிக்காரர் பின்னால் வந்தார்.

முழங்கால் நீரில், தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவதுபோல் அதைக் கிடத்தினேன். முக்கால் பங்கு மூழ்கி, பச்சைத் தலையை மட்டும் காட்டியபடி சற்றுநேரம் ஆடியது; பிறகு யாரோ பெயர்சொல்லி அழைத்ததுபோல் கடலை நோக்கிப் புறப்பட்டது. திரும்பிச் சென்று அடுத்ததை எடுத்துவந்தேன். அதற்கடுத்ததையும். ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி குலையாமல், நான் இதுவரை தலைமைதாங்கிய எந்த ஊர்வலத்திலும் காணாத கட்டுப்பாட்டோடு அவை அணிவகுத்துச் சென்றன.

"காத்துங்க, காத்து தள்ளுது" என்றார் விடுதிக்காரர். அந்நேரம் அவர் கையிலிருந்த துண்டறிக்கைகள் பறந்து, கடலுக்கு நேர் எதிராக, நிலத்தின் பக்கம் ஓடின. தலைவியின் குடையும் ஊரை நோக்கித்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பல் மருத்துவர், தொலைவில் சிறிதாகிக்கொண்டிருந்த பழங்களைப் பார்த்து, "நான் போனதும் இதே ரூட்டுதாங்க" என்றார்.

அப்போது தங்கையின் வாயிலிருந்து, அடைமொழியின்றி, ஒரு வாக்கியம் வந்தது. "மேடம், அந்தப் பழத்துக்கு நீந்தத் தெரியாது. நாளைக்கு இங்க கத்துக்க வர்றவங்களுக்கும் தெரியாது."

கடைசிப் பழத்தைச் சுமந்துகொண்டு கோபுரத்துப் பக்கம் நடந்தேன், குழுவும் பின்தொடர்ந்தது. இரையும் நுரைக்குள் வீசினேன். கடல் அதைப் புரட்டியது, அடித்தது, திட்டியது. பிறகு உருட்டிக்கொண்டுவந்து தலைவியின் கால்விரலில் இடித்து நிறுத்தியது.

அவர் குனிந்து எடுத்துத் தட்டிப் பார்த்தார். "இது நல்லா பழுத்திருக்கே" என்று எழுத்தரிடம் கொடுத்தார்.

மார்ச் 23, திங்கள்

ஆணை வந்துவிட்டது. என் வாக்கியத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. எழுத்தர் மட்டும் கீழே விளக்கம் சேர்த்திருக்கிறார்: 'கொடுத்தது என்பது, இவ்வாணையைப் பொறுத்தவரை, முழுத் தர்பூசணி எனப் பொருள்படும். சோதனை நாள்தோறும் காலையில் நடத்தப்படும்.'

வாழ்நாளில் எனக்குக் கிடைத்த உரையாசிரியர் இவர் ஒருவரே.

மார்ச் 29, ஞாயிறு

புயல். கதவிடுக்கு வழியே மணல் உள்ளே வருகிறது. பூனையும் வந்துவிட்டது, என் செருப்பைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 1, புதன்

கடல் எங்களை ஏமாற்றத் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள்.

வானம் தெளிந்தது. கோபுரத்தின் முன் நீர் அமைதியாய்க் கிடந்தது. தங்கை பழத்தை விட்டாள். அது போயே போய்விட்டது. கரைநெடுக விட்டுப் பார்த்தோம். திட்டு முழுவதும் இடம்பெயர்ந்திருக்கிறது. கடைசிப் பழம் மட்டும் இரைந்துகொண்டு திரும்பி வந்தது. எங்கே? விடுதி வாசலில், நிழற்குடைக்கு நேரே.

தங்கை மணலில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சுக்கா. அந்தாளு வாசல்ல நம்மள விடுவானா?"

விடுதிக்காரர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "இப்ப என் வாசல்தான் தொட்டில். கடலே சொல்லிருச்சு. இனிமே இங்க என் ஆளுங்க சொல்லிக் குடுப்பாங்க. நீங்க கோபுரத்துக்குப் போங்க" என்றார்.

நான் கற்பலகையை எடுத்தேன். தங்கை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பையிலிருந்து ஆணையை எடுத்து நின்றாள். விடுதி விருந்தினர் எல்லாரும் மாடியில் கூடிவிட்டனர். அவள் படித்தாள்: எவ்விடத்து நீர் கொடுத்ததைக் கரைக்கே திருப்பித் தருகிறதோ — அலையிரைச்சலுக்குமேல் கேட்கும்படி, எங்கே மூச்செடுக்கவேண்டுமோ அங்கே எடுத்து, எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தி. இரண்டாம் வரியில் 'மீட்கத் தெரிந்தவர்க்கே' என்னுமிடத்தில் காகிதத்திலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பின்பு தன் சொற்களில், "உங்க ஆளுங்கள்ல இழுப்புல போறவர மீட்டுட்டு வரத் தெரிஞ்சவர் யாருன்னு கேளுங்க சார். ஒருத்தர் கை தூக்கினாலும் நான் போயிடறேன்" என்றாள்.

விடுதிப் பணியாளர்கள் தங்கள் கைகளைக் கவனமாகப் பின்னால் கட்டிக்கொண்டனர்.

அவள் கோபுரத்தைக் கேட்டு எழுதியிருந்தால் இன்று பள்ளி இல்லை. அதை அவளுக்கு எழுதிக் காட்ட விரல் துடித்தது. காட்டவில்லை. முட்டைக்கோசுகளில் ஒன்றாய் நின்று என் தங்கையின் பேச்சைக் கேட்டேன்.

விடுதிக்காரர் தலையைச் சொறிந்தார். மாடியில் சிரிப்பு கேட்டது. "அப்ப தினம் பழம் யாரு தர்றது?" என்றார்.

"வாசல் யாருதோ அவங்கதான்," என்றாள் தங்கை.

ஏப்ரல் 9, வியாழன்

மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். முடிச்சு கரைந்துவிட்டது, மெல்லப் பேசத் தொடங்கலாமாம். யாரிடமும் சொல்லவில்லை. மாநாட்டுக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. தடை நீடிக்கிறதென்று எழுதியனுப்பினேன். தங்கை இப்போதுதான் சொற்றொடரை முடிக்கக் கற்றிருக்கிறாள். நடுவில் புகுந்து கெடுப்பானேன்?

பூனையிடம் மட்டும் ஒருமுறை "எழுந்திரு" என்றேன். உடனே எழுந்து போனது. குரல் பழுதில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலைப் பழம் திரும்பி வந்தது. வகுப்பு நடந்தது. விடுதிக்காரரும் முழங்கால் நீரில் நிற்கிறார். பல் மருத்துவர் அவருக்குச் சைகை சொல்லிக்கொடுக்கிறார்.

நான் பலகைமேல் படுத்திருந்தேன். நுரை பின்னால் இரைந்துவந்து தூக்கியது. ஒரு கால் வைத்தேன், மறு காலும் வைத்தேன், கைகளை விட்டேன். நின்றேன். கரை என்னை நோக்கி வந்தது. அப்போது என்னையறியாமல் அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் கிளம்பிவிட்டது. அலையிரைச்சலில் எவர்க்கும் கேட்டிருக்காது என்றுதான் எண்ணுகிறேன். தங்கை மட்டும் ஒருகணம் திரும்பிப் பார்த்தாள். பிறகு விடுதிக்காரரின் பலகையை நேராக்கப் போய்விட்டாள்.

மாலையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உண்டோம், பாத்திரம் கழுவினோம். உறங்கப் போகுமுன் என் கழுத்திலிருந்து கற்பலகையைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்தாள். ஏதோ எழுதி என் தலைமாட்டில் சாய்த்துவைத்துவிட்டு விளக்கை அணைக்காமல் போனாள்.

'நாளைக்குப் பச்சை.'